ஓ.பி. அக்காவும் காது கேட்காத ஆபீசும்

கேரளத்தில் சுகாதாரத் துறையை நடத்துவது யார் என்று கேட்டால் நீங்கள் ஏதாவது ஒரு மந்திரியைச் சொல்வீர்கள். தேவிகுளம் தாலுகாவில், ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குள் இருக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷம் வாத்தியாராக இருந்தவன் நான். எனக்குத் தெரிந்து அந்தத் துறையை நடத்தியவர், எங்கள் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு பொங்கிக்கொண்டிருந்த ஓ.பி. அக்காதான்.

ஆஸ்பத்திரி ஜன்னலில் வரிசையில் நின்று ஓ.பி. சீட்டு வாங்குகிறோமே, அந்த ஓ.பி.தான். ஒரு மனுஷி தன் ஆயுளில் வாங்கக்கூடியதைப் போல நானூறு மடங்கு சீட்டு வாங்கியவர் என்பதால் வந்த பெயர். பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட, "அப்படி யாரும் இங்க இல்லையே சார்" என்று அக்காவே சொல்லி அனுப்பிவிட்டார்.

காலில் ரப்பர் பூட்ஸ், சேலைக்கு மேல் ஆண்பிள்ளை ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா, கையில் கரண்டி. இதுதான் அக்கா. சமையலறைக்கு வெளியேயும் கரண்டி கையை விட்டு இறங்காது. ஆஸ்பத்திரிக்கும் அதோடுதான் போவார்.

நான் பாலக்காட்டின் கிழக்குக் கோடியில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரன். எங்கள் ஊர்ப் பேச்சு கோயம்புத்தூர்ப் பேச்சு. வேலை கிடைத்து, மலையேறி, குளிரில் பல் கிடுகிடுக்கப் போய் நின்ற முதல் நாள், சமையலறை வாசலில் கேட்டேன்: "ஏனுங்க, குடிக்கத் தண்ணி கிடைக்குமுங்களா?"

அக்கா கிண்டுவதை நிறுத்தினார். "சாருக்கு எந்த ஊரு?"

"கொழிஞ்சாம்பாறைங்க."

"அங்க தண்ணிக்கும் சேத்து மரியாத குடுப்பாகளோ?"

அன்றிலிருந்து என்னைக் கண்டால் போதும். "சார், சாம்பாருங்க கொதிக்குதுங்க, பயறுங்க இன்னும் வேகலீங்க" என்று ஆரம்பித்துவிடுவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். ஒரு வாரத்தில் என் கௌரவம் முழுவதும் அந்த அடுப்பில் போய்விட்டது.

பள்ளிக்கூட வராண்டாதான் அக்காவின் பரிசோதனைக் கூடம். எதிர்மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். தட்டோடு வருகிற பிள்ளையை நிறுத்தி, "உங்கம்மா எங்க நிக்கா, காட்டு" என்பார். தலைத்துணியின் நிறத்தை வைத்துப் பிள்ளைகள் சட்டென்று கை நீட்டிவிடும். எந்தப் பிள்ளை தன் அம்மாவைத் தேடித் தடுமாறுகிறதோ அதற்குக் கண்ணாடி தேவை. இப்படியே ஐந்து பிள்ளைகளுக்குக் கண்ணாடி வந்தது. ஒரு பக்கமாகவே மெல்லுகிற பிள்ளைக்குப் பல்லில் சொத்தை. கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார், ஆட்டுச் சந்தையில் பார்ப்பதைப் போல. வெளுத்திருந்தால் ரத்தம் குறைவு, வயிற்றில் பூச்சி.

காதுக்குத்தான் அபாரமான சோதனை. பிள்ளைகள் எல்லாம் மலையைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருக்கும். அக்கா பின்னால் போய், யாருக்கும் கேட்காத குரலில், "முட்டை" என்பார். அத்தனை தலையும் திரும்பும்.

ஒரு தலை மட்டும் திரும்பவில்லை. என் நாலாம் கிளாஸ் செல்வி.

"சார், அந்தப் பிள்ளைக்குக் காது கேக்கல."

"அதெல்லாம் இல்லீங்க அக்கா. அவளுக்குக் கவனம் பத்தாதுங்க."

"முட்டைக்குத் திரும்பாத பிள்ளைக்குக் கவனம் பத்தாதுன்னா சொல்லுதீக? கவனம் இருக்கு சார். காதுதான் இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. செல்வியின் முன்னேற்ற அட்டையில் சிவப்பு மையால் "கவனக்குறைவு" என்று எழுதியவன் நான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று இரண்டு முறை வகுப்புக்கு வெளியே நிற்கவும் வைத்திருக்கிறேன். சோறு பொங்குகிறவர் வந்து என் தீர்ப்பைத் திருத்துவதா?

அந்த மாதம்தான் பள்ளிக்கூடத்துக்கு மருத்துவப் பரிசோதனைக்கு வந்தார்கள். எங்கிருந்து வந்தார்கள் என்பது இங்கே வேண்டாம். முதல் டீக்கும் இரண்டாம் டீக்கும் நடுவில் மொத்தப் பள்ளிக்கூடத்தையும் பரிசோதித்து முடித்துவிட்டார்கள். போன பிறகு அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து எட்டிப் பார்த்தார்.

"சார், எல்லா அட்டையிலும் ஒரே மாதிரி ஒண்ணு எழுதியிருக்காகளே, அது என்னது?"

"நார்மல்ங்க."

"அப்படின்னா?"

"எல்லாம் சரியா இருக்குதுன்னு அர்த்தமுங்க."

செல்வியின் அட்டையை எடுத்தார். அவளையும் இழுத்து வந்தார். காதோரத் தலைமுடியை ஒதுக்கினார். சீழ் காய்ந்து கழுத்துவரை கோடு இறங்கியிருந்தது. அக்கா அட்டையை அந்தக் காதுக்குப் பக்கத்தில் பிடித்தபடி என்னையே பார்த்தார். ஒரு வருஷமாக என் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையின் காதை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

எங்கள் தலைமையாசிரியருக்குச் சர்க்குலர் சார் என்று பெயர். நல்ல மனுஷர்தான். ஆனால் மேலிடத்துச் சுற்றறிக்கை இல்லாமல் தும்மக்கூட மாட்டார். ஓய்வு பெற மூன்று வருஷம் இருந்தது. அதுவரை எந்தத் தாளிலும் தன் பெயர் வந்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே வேண்டுதல்.

"பிள்ளைங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும் சார்" என்றார் அக்கா.

"அதுக்கு சர்க்குலர் இல்லியேம்மா."

"காதுல சீழ் வடியுறதுக்கு மட்டும் சர்க்குலர் வந்துச்சா சார்?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் இல்லாதபோது அப்படித்தான் செய்வார். "பெத்தவங்க சம்மதம் எழுத்துல வேணும். இல்லாம ஒரு பிள்ளை ஸ்கூல் கேட்டைத் தாண்டக் கூடாது" என்று கடைசியாகச் சொன்னார். அக்கா அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் என்னையும் எழுப்பிப் பெரட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எஸ்டேட்டில் வேலைக்குப் போகுமுன் பெயர் கூப்பிடுகிற இடம் அது. கூடையும் கையுமாக நின்ற எட்டுப் பிள்ளைகளின் அம்மாக்களிடம், நான் எழுதிய தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார். மேற்பார்வையாளர் ஓடி வந்தார். "என்னாம்மா, வேல நேரத்துல?"

"வாங்க, வாங்க. சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு ஆள் இல்லையேன்னுதான் பாத்தேன்" என்று பேனாவை அவர் விரலுக்குள் திணித்தார். அவர் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து எட்டுத் தாளிலும் கையெழுத்துப் போட்டார்.

ஆஸ்பத்திரி ஜன்னலில் இருந்தவர் எட்டுப் பிள்ளைகளையும் பார்த்துவிட்டு மலையாளத்தில் கேட்டார், "ரக்ஷிதாவு ஆரா?" பொறுப்பாளர் யார் என்று அர்த்தம்.

"நாந்தான்."

"எட்டு பேருக்குமா?"

"எட்டுக்கும் நாந்தான் சோறு போடுதேன். வேற எப்படிப் பொறுப்பா இருக்குறது, சொல்லுங்க."

"ஒராளுக்கு ரெண்டு சீட்டுதான். கூடுதல் இல்லா."

அக்கா புரியாத முகத்தோடு என் பக்கம் திரும்பினார். அவர் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். கோபம் வந்தால் என்னைவிட நல்ல மலையாளத்தில் திட்டுவார். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் கால் வைத்ததும் அந்தப் பாஷை மொத்தமும் மறந்துவிடும். காரணம் கேட்டேன். "மத்ததெல்லாம் புரியும் சார். இந்த 'இல்லா'ங்குற சொல்லு மட்டும் என் காதுல நிக்காது" என்றார்.

ஜன்னல்காரர் நான்கு முறை சொன்னார். அக்கா நான்கு முறையும் "எட்டு" என்றார். பின்னால் வரிசை வளர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் முதலில் எங்களைத் திட்டினார்கள். பிள்ளைகளைப் பார்த்தபின் ஜன்னலைத் திட்டினார்கள். எட்டுச் சீட்டும் வெளியே வந்தது.

காது டாக்டர் சின்ன வயதுக்காரர். செல்வியை நெடுநேரம் பார்த்தார். இரண்டு செவிப்பறையிலும் ஓட்டை. முதலில் மருந்து போட்டுச் சீழைக் காயவைக்க வேண்டும், அப்புறம் மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்றார். பிறகு என்னிடம், "இந்தக் குழந்தை உங்கள் உதட்டைப் பார்த்துத்தான் இவ்வளவு நாள் பாடம் படித்திருக்கிறாள். நீங்கள் அவள் பக்கம் திரும்பி நின்று பேசினீர்களா?" என்று கேட்டார்.

நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி பாடம் நடத்துகிறவன். டாக்டருக்குப் பதில் சொல்ல எனக்குத் துடைப்பதற்கு ஒரு மூக்குக் கண்ணாடிகூட இல்லை.

ஆபரேஷனுக்கு அரசாங்கத்தின் இன்சூரன்ஸ் அட்டை வேண்டும். அட்டைக்கு ரேஷன் கார்டு வேண்டும். செல்வியின் அப்பா பெயர் இன்னும் சங்கரன்கோவில் பக்கம் அவருடைய அண்ணன் கார்டில் இருந்தது. இங்கே சேர்க்க வேண்டுமென்றால் அங்கே இல்லை என்று சான்று வேண்டும். அங்கே போனால், இங்கே இருப்பதற்குச் சான்று கேட்டார்கள். செல்வியின் தாத்தா காலத்திலிருந்து அதே எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கிற குடும்பம். தாளின்படி அவர்கள் இரண்டு மாநிலத்திலும் இல்லை.

இங்கே இருப்பதற்குச் சான்று கேட்டு, மனுவோடு எட்டு முறை ஓர் ஆபீசுக்கு அலைந்தோம். பெயர் வேண்டாம், அந்த மாதிரி ஆபீஸ் எந்த ஊரிலும் உண்டு. அங்கிருந்த குமாஸ்தாவுக்கு மெல்லிய குரல். மேஜையைப் பார்த்துக்கொண்டு எதையோ முணுமுணுப்பார். கடைசியில், "இவரு இவிடத்தெ ஆள்க்காரல்லல்லோ" என்பது மட்டும் காதில் விழும். இந்த ஊர்க்காரர்கள் இல்லையே என்று சொல்கிறார்.

எட்டாவது முறை திரும்பும்போது அக்கா ஜீப்பில் விரல்விட்டு நாளை எண்ணிக்கொண்டே வந்தார். ஆபரேஷனுக்குக் குறித்துக் கொடுத்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதை விட்டால் இன்னும் எத்தனை மாதமோ. பள்ளிக்கூடம் வந்து இறங்கியதும் கேட்டார், "சார், நாலாம் கிளாஸ்ல ஆபீசப் பத்திப் பாடம் ஏதும் இருக்கா?"

இருந்தது. அரசு அலுவலகங்கள் மக்களுக்கு எப்படி உதவுகின்றன என்று ஒன்றரைப் பக்கம்.

"அதப் புத்தகத்துல படிச்சா எப்படிப் புரியும்?" என்றார்.

அடுத்த புதன்கிழமை இரண்டு ஜீப்பில் நாலாம் கிளாஸ் பதினான்கு பிள்ளைகளும் கல்விச் சுற்றுலா கிளம்பினோம். சர்க்குலர் சார் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். அவருடைய மேஜையில் ஒரு கடிதம் எழுதி வைத்தேன். அக்கா சோற்றுப் பானையையும் சாம்பார்ப் பானையையும் ஜீப்பில் ஏற்றினார். "பிள்ளைங்க எங்க இருக்கோ அங்கதான் சார் சோறு. அதான சட்டம்?"

ஆபீசுக்குள் பதினான்கு பிள்ளைகளும் நோட்டும் பென்சிலுமாக வரிசையாக நின்றதைப் பார்த்த குமாஸ்தா எழுந்தேவிட்டார்.

"எந்தாயிது?"

"டூர்" என்றார் அக்கா.

"டூரா? ஆளுக தேக்கடி போகும், மூணாறு போகும்..."

"அதெல்லாம் பிள்ளைங்க பாத்த இடந்தான். வேல நடக்குற எடத்தப் பாக்கணும்னு சொன்னாக. இங்க நடக்குதான்னு பாக்க வந்தோம்."

ஒரு பெண்குழந்தை கேட்டது: "சார், மனு வந்தா முதல்ல என்ன செய்வீங்க?"

"வாங்கி வெக்கும்."

பதினான்கு பென்சிலும் எழுதின.

"அப்புறம்?"

"பரிசோதிக்கும்."

"எத்தன நாளு?"

"அது... பறயான் பற்றில்லா."

"சார், அதத் தமிழ்ல எப்படி எழுதணும்?" என்று என்னிடம் கேட்டார்கள்.

"சொல்ல முடியாது, அப்படீன்னு எழுதுங்க."

எழுதினார்கள். வெளியே காத்திருந்த பொதுமக்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து சுவரோரம் நின்றார்கள். அவர்களுக்கும் அந்தப் பாடம் தேவைப்பட்டது.

அப்போது செல்வி ஒரு அடி முன்னால் வந்தாள். இது யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

"என் காது மனு எங்க இருக்கு?"

அவள் குரல் அவளுக்கே கேட்காது. அதனால் எப்போதும் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் பேசுவதைப் போலத்தான் பேசுவாள். எங்களுக்குப் பழகிய சத்தம். அந்த ஆபீஸ் கூரை அதுவரை கேட்டதில்லை. மின்விசிறிகூட ஒரு கணம் நின்றதாக எனக்கு ஞாபகம்.

குமாஸ்தா மேஜையைப் பார்த்து முணுமுணுத்தார்.

"கேக்கல!" என்றாள் செல்வி.

கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

"கேக்கல!"

"ரேஷன் கார்டில் பேரில்லா!"

"கேக்கல!"

"நிங்ஙள் இவிடத்தெ ஆள்க்காரல்லா!" என்று அவர் கடைசியில் கத்தியேவிட்டார். எட்டு முறை மேஜையிடம் சொன்ன அந்த வார்த்தை, முதல் முறையாக ஆபீஸ் முழுக்கக் கேட்டது. சுவரோரம் நின்றவர்களில் பாதிப்பேர் எஸ்டேட்காரர்கள். அவர்கள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளறைக் கதவு திறந்தது. அதிகாரி ஒரு பெண். இரண்டு வாரம் முன்புதான் பொறுப்பேற்றிருந்தார் என்று பிறகு தெரிந்தது. செல்வி அவரையும் பார்த்து வாயைத் திறந்தாள். அவர் குனிந்து, அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்து, நிதானமாகச் சொன்னார்: "கேட்டு, மோளே. எனிக்கு கேட்டு."

தனக்குக் கேட்டுவிட்டது என்று அர்த்தம். செல்வி உதட்டைப் படித்துத் தலையாட்டினாள். நான் ஒரு வருஷத்தில் செய்யாததை அவர் அரை நிமிஷத்தில் செய்தார்.

அக்கா அன்று ஆபீஸ் முற்றத்தில் பந்தி வைத்தார். பிள்ளைகளுக்குப் பிறகு காத்திருந்தவர்களுக்கு. அப்புறம் குமாஸ்தாவுக்கும் ஒரு தட்டு போனது. "சாப்பிடுங்க சார், கத்தித் தொண்ட வறண்டிருக்கும்" என்றார். அவர் மறுக்கவில்லை.

மறுநாளே விசாரணைக்கு ஆள் லைன் வீட்டுக்கு வந்தார். அந்த வாரக் கடைசியில் சான்று கைக்கு வந்தது. அதற்கு மறுவாரம் மேலிடத்திலிருந்து இன்னொரு தாளும் வந்தது, சர்க்குலர் சாருக்கு. அனுமதியில்லாமல் பிள்ளைகளை வெளியே கொண்டுபோன சமையல்காரரை நீக்காமலிருப்பதற்கும், ஆசிரியர்மீது நடவடிக்கை எடுக்காமலிருப்பதற்கும் காரணம் கேட்டிருந்தார்கள்.

அக்காவையும் என்னையும் கூப்பிட்டார். தாளைக் காட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, மேஜைமேல் வைத்தார்.

"ரெண்டு பேரும் போய் வேலயப் பாருங்க. நாந்தான் அனுப்பிச்சேன்னு பதில் எழுதிட்டேன்."

"சார், நீங்க அனுப்பலையே" என்றார் அக்கா.

"ஏம்மா, ஆஸ்பத்திரிக்குப் போறப்போ நீ எடுத்துக்கிட்ட அனுமதி மட்டும் நான் குடுத்ததா? இனிமே மாசம் ஒரு தடவ இந்த டூர் உண்டுன்னு சர்க்குலர் போட்டிருக்கேன். மேல இருந்து வர்றதையே முப்பது வருஷம் படிச்சாச்சு. அவுங்களும் ஒண்ணு படிக்கட்டும்."

அன்று சமையலறையில் அக்கா அழுதாரா என்று தெரியாது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஆனால் சாம்பாரில் வெங்காயம் இல்லை.

சான்றை வைத்து அட்டை கிடைத்து, குறித்த நாளிலேயே செல்விக்கு ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்து, மருந்து முடிந்து, இரண்டு மாதம் கழித்து வகுப்புக்கு வந்தாள். நான் டாக்டர் கேட்ட நாளிலிருந்து பழகியபடி அவளுக்கு நேராக நின்று, தொண்டை கிழியப் பெருக்கல் வாய்ப்பாடு சொன்னேன். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"சார், ஏன் இப்படிக் கத்துறீங்க? நீங்க எப்பவுமே இப்படித்தானா?"

வகுப்பே சிரித்தது. நானும்தான். அவளை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்ததற்கு அன்று எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை மெதுவாகத்தான் சொன்னேன். கேட்டதாகத் தலையாட்டினாள். இதற்குப் பிறகு அவள் முதல் மார்க் வாங்கினாள் என்று எழுதினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். வாங்கவில்லை. கணக்கில் சுமார்தான். ஆனால் அது காதில் விழுந்து, யோசித்து, அவளே தப்பாகப் போட்ட கணக்கு. அவளுடைய சொந்தச் சுமார்.

"உங்களுக்கு ஏனுங்க அக்கா இத்தன வைராக்கியம்?" என்று ஒருமுறை கேட்டேன். ஏதாவது பழைய சோகம் இருக்கும், எழுதலாம் என்று ஒரு நப்பாசை. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பிள்ளைக்குக் காது கேக்கலன்னா காட்டணும். இதுக்குக் காரணம் வேற வேணுமா? சும்மா இருக்குறவுகளப் போயிக் கேளுங்க, ஏன் சும்மா இருக்கீகன்னு."

எனக்குப் பாலக்காட்டுக்கு மாற்றல் வந்தது. கிளம்புகிற நாள் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் வழியனுப்ப வந்தார்கள். அக்கா வரவில்லை. மூன்று பிள்ளைகளோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் வழியில் ஜீப்பிலிருந்து இறங்கிப் போய்ப் பார்த்தேன். வரிசையில் நின்றிருந்தார்.

"போயிட்டு வர்றேனுங்க அக்கா."

"நல்லவேள வந்தீக சார்! இந்த எடத்துல கொஞ்சம் நில்லுங்க, வரிச போயிரும். இந்தப் பிள்ளைய ரத்தம் எடுக்குற ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு ஓடியாந்துருதேன்" என்று சொல்லிவிட்டு, கரண்டியையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நின்றேன். வரிசை மெதுவாக நகர்ந்தது. வெளியே என் பஸ் ஹாரன் அடித்துக் கிளம்பிப் போனது கேட்டது. அடுத்த பஸ் இரண்டு மணி நேரம் கழித்து. நான் அதையும் விட்டுவிட்டேன்.